மூன்றாவது டிசைன்

விளம்பர ஏஜென்ஸியில் வேலை பார்த்த ஒன்பது வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வாடிக்கையாளருக்கு எப்போதும் மூன்று டிசைன் காட்ட வேண்டும். முதலாவது, அவர் கேட்டது. இரண்டாவது, அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் நினைப்பது. மூன்றாவது, வேண்டாம் என்று சொல்வதற்காகவே செய்து வைப்பது. எதையாவது ஒன்றை வேண்டாம் என்று தள்ளினால்தான் மனிதர்களுக்குத் தாங்கள் யோசித்து முடிவெடுத்த மாதிரி ஒரு திருப்தி வரும். அந்தத் திருப்தியைக் கொடுத்துவிட்டால் இரண்டாவதை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார்கள். மூன்றாவதற்கு எங்கள் ஆபீஸில் பலியாடு என்று பெயர்.

பலியாடு செய்வதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். ரொம்ப மோசமாக இருந்தால் கிளையன்ட் சந்தேகப்படுவார். கொஞ்சம் நன்றாக அமைந்துவிட்டால் அதையே எடுத்துவிடுவார். ஆபீஸில் அதை நான்தான் நன்றாகச் செய்வேன் என்று பேர் வாங்கியிருந்தேன். பெருமைப்படுகிற விஷயமா என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆபீஸ் திருவனந்தபுரத்தில். வீடு தோவாளைப் பக்கம். விடிந்ததும் பஸ்ஸில் நாகர்கோவில் போய் அங்கிருந்து ரயிலில் போவேன். பூ மார்க்கெட்டிலிருந்து மூட்டையோடு ஏறுகிறவர்களுடன் நின்றுகொண்டே போவதால் ஆபீஸுக்குப் போய்ச் சேரும்போது மேலெல்லாம் பிச்சிப்பூ மணக்கும். காலையில் ஒரு நகைக்கடை, மத்தியானம் ஒரு பல் ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஒரு பனியன் கம்பெனி என்று ஒரே நாளில் மூன்று பேருக்காக உருகுவேன். எதுவும் வெள்ளிக்கிழமையைத் தாண்டி மனதில் நிற்காது. எழுதியது நன்றாக இருந்தால் நாங்கள் எழுதியது. நன்றாக இல்லையென்றால் கிளையன்ட் கெடுத்தது. இதைவிட வசதியான பிழைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு மழைக்காலத்தில்தான் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு மசாலா மில்காரர் வந்தார். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துவிட்டு ஊர் திரும்பி மில் வைத்தவர். மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள் எல்லாம் போட்டார் என்றாலும் அவருடைய நம்பிக்கை முழுவதும் மீன் கறிப் பொடியின் மேல்தான். பழைய பாக்கெட்டில் ஒரு சட்டி மீன் கறியின் படம் இருந்தது. அச்சடித்தவர் புண்ணியத்தில் அது வயலில் உழுது போட்ட சேறு மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களும் இருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். புது லேபிள் வேண்டும் என்றார்.

முதலாவதாக, அவர் கேட்டபடி நல்ல சட்டியும் நல்ல கறியும் வைத்து ஒன்று செய்தேன். இரண்டாவது, கடல் நீலத்தில் வெறும் எழுத்து. பார்த்தால் ஒரு மரியாதை வரும். இரண்டு வாரம் அதில்தான் கிடந்தேன். பலியாட்டை மறந்தே போனேன். மறுநாள் தக்கலையில் காட்ட வேண்டும் என்கிற நிலையில் வீடு திரும்பும் ரயிலில் ஞாபகம் வந்தது. பாறசாலையில் ஆரம்பித்து, குழித்துறை வருவதற்குள் முடித்துவிட்டேன்.

ஒரு மீன். உருண்டையான உடம்பு, தடித்த உதடு, நீள நீளமாகக் கண்ணிமை முடி. அது சிரித்தது. சட்டிக்குள் போகிற மீனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும் என்றுதான் சிரிக்க வைத்தேன். மீனைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. நாங்கள் நாஞ்சில் நாட்டு மரக்கறிக் குடும்பம். எங்கள் வீட்டுக்கு மீன் வந்ததென்றால், கால்வாய் நிறைந்து வாசலுக்குத் தண்ணீர் ஏறிய ஒரு ஐப்பசியில் அது தானாக வந்ததுதான்.

மறுநாள் ஏஜென்ஸி முதலாளி திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்தார். நான் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கி மழையில் அரை மைல் நடந்து, சொட்டச் சொட்டப் போய்ச் சேர்ந்தேன். மில்லில் ஒரு இயந்திரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவை சும்மா கிடந்தன. மில் முதலாளியின் அறைக்குள் மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்து விளக்கினேன். மூன்றாவதைக் காட்டும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மில் முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரண்டு கையையும் மேஜைமேல் கோத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மிஷன் காலத்துச் சபைக் குடும்பம்; எந்தக் காரியத்தையும் ஜெபித்துத்தான் தொடங்குவார் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் லேபிளுக்கு ஜெபிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. ஏஜென்ஸி முதலாளி மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். கண்ணைத் திறந்து, மூன்றாவதன் மேல் விரலை வைத்தார்.

“இது இருக்கட்டு. கொள்ளாம்.” நன்றாக இருக்கிறது என்கிறார்.

யாராவது பலியாட்டின் பக்கம் சாய்ந்தால் அவர்களைத் திருப்புவதற்கு எங்களிடம் ஏழெட்டு வழி இருந்தது. கலர் அச்சில் சரியாக வராது என்போம். இதே மாதிரி வேறொருவர் வைத்திருக்கிறார் என்போம். ஜெபித்து எடுத்ததைத் திருப்புவதற்கு மட்டும் எங்களிடம் வழி இல்லை. ஏஜென்ஸி முதலாளி வாயைத் திறந்து, மூடி, சந்தோஷம் என்றார். கதவைத் திறந்து வெளியே வந்தபோது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் கதவை ஒட்டி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் விலகினார். மழைக்கு ஒதுங்கியவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மீன் அச்சேறிக் கடைகளுக்குப் போனது. போனதோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. விற்க ஆரம்பித்துவிட்டது. தக்கலை, குளச்சல், கருங்கல் என்று கடைக்குக் கடை தொங்கியது. கம்பெனியின் பெயரை யாரும் சொல்லவில்லை. சிரிக்கிய மீனு பொடி என்று கேட்டு வாங்கினார்கள். நான் செய்த வேலைகளைக் காட்டுவதற்காக வைத்திருந்த ஆல்பத்தில் அதை நான் சேர்க்கவில்லை. பல் ஆஸ்பத்திரியைச் சேர்த்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது மில் முதலாளி போன் பண்ணினார். நம்ம மீனப் பாத்துக்க ஒரு ஆளு வேணும் மக்கா, வாறியா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏஜென்ஸியில் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் என்னைவிட வேகமாக உருகத் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி, தக்கலைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போகலாமே என்றாள். ஒன்பது வருஷம் நின்றவனுக்கு அது பெரிய வார்த்தை. ஏஜென்ஸி முதலாளி கட்டிப்பிடித்து வழியனுப்பினார். அறுத்துப் போட்ட ஆட்டை மேய்க்கப் போகிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான் என்றார்.

விசிட்டிங் கார்டில் பிராண்ட் மேனேஜர் என்று அடித்துத் தந்தார்கள். கேட்டில் இருந்த காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். மீனைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டி எதுவும் கொண்டுவரவில்லையா என்றார்.

கணக்கு எழுதும் அறைக்கும் மிளகாய் அரைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் எனக்கு மேஜை போட்டிருந்தார்கள். மிளகாய் அரைக்கிற நாளில் மில்லில் எல்லோரும் தும்மிக்கொண்டும் தொண்டையைச் செருமிக்கொண்டும்தான் பேசுவோம். பிராண்டின் எதிர்காலம் பற்றி நான் முதன்முதலாகப் பேசிய கூட்டத்தில், என் பேச்சைவிடத் தும்மல் அதிகம். யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது பழக்கம்.

எனக்குப் பழக்கமில்லாதது வேறு. ஏஜென்ஸியில் எதுவும் வெள்ளிக்கிழமையைத் தாண்டாது என்றேன் அல்லவா? இங்கே திங்கள், செவ்வாய், புதன் எல்லா நாளும் அதே மீன். பாக்கெட்டில் மீன், அட்டைப்பெட்டியில் மீன், காலண்டரில் மீன், டீலர்களுக்குக் கொடுக்கிற குடையில் மீன். வேன் கதவில் அதன் வாய் இருக்கிற இடத்தில்தான் கைப்பிடி. ஒவ்வொரு முறையும் அதன் சிரிப்புக்குள் கையை விட்டுத்தான் ஏற வேண்டும். குழித்துறை வருவதற்குள் செய்த பாவம் மனிதனை இப்படித் துரத்தும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மெதுவாக அதைக் கொன்றுவிடலாம் என்று திட்டம் போட்டேன். ஒரேயடியாக மாற்றினால் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? முதலில் கண்ணிமை முடியை எடுத்தேன். பத்தே நாளில் குளச்சல் கடைக்காரர்கள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டூப்ளிகேட் சரக்கு, உஷாராக இருங்கள் என்று முதலாளிக்குப் போன் வேறு. அவர் என்னைக் கூப்பிட்டுப் பாக்கெட்டைக் காட்டி, இது என்ன என்றார். ஏஜென்ஸிக்காரர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏஜென்ஸி இல்லை. கிளையன்ட் என்று சொல்லலாமா என்று பார்த்தால், கிளையன்ட் எதிரே உட்கார்ந்திருந்தார்; நானும் அதே கம்பெனியில்தான் சம்பளம் வாங்கினேன். கையைக் காட்டுவதற்கு எந்தப் பக்கமும் ஆள் இல்லாமல் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான்தான் எடுத்தேன் சார் என்றேன். அதுக்க கண்ணுல கை வைக்காதே மக்கா என்றார். அவ்வளவுதான். முடியைத் திரும்ப வைத்தேன்.

வீட்டில் என் மனைவி ஒரு பாக்கெட்டைப் பிரித்து உருளைக்கிழங்குக்குப் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. விற்கிற பொருளைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தது இன்றுவரை அவ்வளவே.

பாக்கெட் போடும் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. குளச்சல் கடப்புறத்துக்காரர்; அவர் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மில் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், முதலாளியே அவரிடம் கொஞ்சம் தணிந்துதான் பேசுவார். நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு பாக்கெட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகமாம்.

“சாரே, இது ஏது மீனு? வாலு சாளைக்க வாலு. வாயி வெளமீனுக்க வாயி. கண்ணு ஒரு பெண்ணுக்க கண்ணு. இத வரஞ்சது ஆரு?”

ஏஜென்ஸியில் யாரோ என்றேன். கடலைக் கண்டிருக்க மாட்டான் பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாவம் என்ற சொல் என்னைக் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆனால் வால் சரியில்லை என்ற அதே அக்காதான் திங்கட்கிழமை தோறும் அந்த மீனுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வார். திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்கும்முன் எல்லோரும் கூடி ஐந்து நிமிஷம் ஜெபிப்பது மில்லின் வழக்கம். முதலாளி மிஷன் சபை, அக்கா கத்தோலிக்கர், மிளகாய் இயந்திரத்தை ஓட்டுகிறவர் கோட்டாற்று முஸ்லிம், நான் சுசீந்திரம் கோயிலுக்குப் போகிறவன். எல்லோரும் தலையைக் குனிந்து நிற்போம். ஜெபிப்பது அக்காவின் வேலை. மழைக்கு, வெயிலுக்கு, பழுதாகாத இயந்திரத்துக்கு, வேன் டிரைவரின் பிள்ளை பரீட்சைக்கு என்று போய், எங்கள் கையில் தந்த அந்த மீனுக்காக ஸ்தோத்திரம் என்று முடிப்பார். முதலாளி ஜெபித்து எடுத்த மீன் என்பது அதற்குள் மில் முழுக்கத் தெரிந்த கதையாகியிருந்தது. டீலர்கள் புது ஆட்களுக்குச் சொல்வார்கள். டிரைவர் வழியில் ஏறுகிறவர்களுக்குச் சொல்வார். நான் ஆமென் என்பேன். அந்த இடத்தில் முதலாளி மட்டும் தொண்டையைச் செருமுவார். திங்கட்கிழமைதான் வழக்கமாக மிளகாய் அரைக்கும் நாள் என்பதால், முந்தின வாரத் தூசி என்று நினைத்துக்கொள்வேன்.

முதலில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இல்லாமல் போனது எந்தத் திங்கட்கிழமை என்று தெரியவில்லை. ஒரு மனிதர் மழையில் நனைந்து வந்தவனை நம்பிக் கண்ணை மூடியிருக்கிறார். நான் அவர் முன்னால் வைத்தது, தள்ளுவதற்காகச் செய்த ஒரு குப்பை. அதற்கு முப்பது பேர் வாரா வாரம் தலை குனிந்து நன்றி சொல்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று பலமுறை அவர் அறை வாசல் வரை போய், காலண்டர் காகிதம் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் சொன்னபோது, சொன்னால் வேலை போகுமா என்று மனைவி கேட்டாள். போகலாம் என்றேன். போனால் திரும்ப ரயிலா என்றாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடையிலிருந்து எங்கள் பொடியை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் பாக்கெட் மட்டும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். நன்றாக என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்கள். முதலாளி யோசித்துவிட்டு, பழைய ஏஜென்ஸியையே கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன்.

என் பழைய முதலாளி மூன்று அட்டையோடு வந்தார். நான் மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பக்கத்து நாற்காலி இவ்வளவு ஆடும் என்று எனக்குத் தெரியாது. அவர் முதலாவதைக் காட்டினார், நாங்கள் கேட்டது. இரண்டாவதைக் காட்டினார், பொறாமைப்படும்படி நன்றாக இருந்தது. மூன்றாவதைத் திருப்பினார். அதே மீன். தலையில் சமையல்காரர் தொப்பி. கையில் கரண்டி, கரண்டி பிடிப்பதற்காக மீனுக்குக் கை வைத்திருந்தார்கள். தன்னைத் தானே கிண்டிக்கொண்டு சிரித்தது. யாரோ ஒரு புதுப் பையனோ பெண்ணோ வீட்டுக்குப் போகிற வழியில் செய்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. பழைய முதலாளி என்னைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். தொழில் மரியாதை.

மில் முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கைகளைக் கோத்தார்.

அவர் கண்ணை மூடினால், திறக்கும்போது அந்த விரல் எங்கே போகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது போலிருந்தது. கரண்டி பிடித்த மீனுக்கும் சேர்த்து ஆமென் சொல்ல என்னால் முடியாது.

“சார், ஒரு நிமிஷம்,” என்றேன். “கண்ண மூடாதீங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றில் ஒன்று எப்போதும் தள்ளுவதற்காகவே வைப்பது. இதில் அது எது. பழைய மூன்றில் அது எது. பாறசாலை, குழித்துறை, எல்லாம். வரைந்தது ஏஜென்ஸியில் யாரோ இல்லை, நான்தான் என்பதையும் சொன்னேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு வேலை போய்விடும் என்கிற பயம்தான் காரணம், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை என்றும் சொன்னேன். என் பழைய முதலாளி மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மில் முதலாளி கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். என்னைப் பார்த்தார். கோபம் வருகிறது என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, சங்கடம்.

“அண்ணைக்கு நான் ஜெபிக்கல்ல மக்கா,” என்றார்.

மூன்றும் அவருக்குப் பிடிக்கவில்லையாம். மழையில் நனைந்து வந்திருக்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கண்ணை மூடியிருக்கிறார். மூடிய பிறகு, சொல்வதற்கு வார்த்தை கிடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டார். ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் நாங்கள் எழுந்து போவோம் என்று புரிந்ததாம்.

“நீ மத்த ரெண்டையும் காட்டும்போ உனக்க மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. இந்த மீன எடுத்தப்போ மட்டும் ஒரு சிரிப்பு. பய இதத்தான் உசிரக் குடுத்து வரஞ்சிருக்கான், இதத் தள்ளுனா தாங்கமாட்டான்ணு நெனச்சேன்.”

அவர் மேஜையைப் பார்த்தபடி தொடர்ந்தார். ஜெபித்து எடுத்தது என்று அவராக யாரிடமும் சொன்னதில்லை. என் பழைய முதலாளி வெளியே சொல்லி, அது மில் முழுக்கப் பரவிவிட்டது. இல்லை என்று சொல்ல நினைத்தபோது பொடி விற்க ஆரம்பித்துவிட்டது. வேலை இல்லாமல் நின்றவர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். அக்கா ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார். வாரா வாரம் அந்த இடம் வரும்போது தொண்டையில் முள் மாட்டியது மாதிரி இருக்குமாம். நாலு வருஷம். என்னுடையதைவிட இரண்டு வருஷம் அதிகம்.

என் பழைய முதலாளி மெதுவாக, அப்படியானால் எதை எடுப்பது என்று கேட்டார். அவரும் பிழைக்க வேண்டும். மில் முதலாளி என் பக்கம் திரும்பி, உள்ளதைச் சொல்லு என்றார். இரண்டாவதுதான் நல்லது என்றேன். அதன் நிறமும் எழுத்தும் அப்படியே இருக்கட்டும். ஆனால் மீன் இல்லாமல் போனால் கடப்புறத்தில் டூப்ளிகேட் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் மீனும் இருக்க வேண்டும், கரண்டி இல்லாமல், தொப்பி இல்லாமல், கண்ணிமை முடியோடு. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, ஒரு டிசைனைப் பற்றி மற்றவர்கள் எதிரில் நான் நினைத்ததையே நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பழைய முதலாளி குறித்துக்கொண்டார். சாயா வந்தது. மூன்று பேரும் குடித்தோம்.

அவர் போன பிறகு மில் முதலாளி, திங்கக்கிழமை நான் எல்லாருக்கிட்டயும் சொல்லுகேன் என்றார். சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டேன். உன்னால சொல்ல முடிஞ்சதில்லியா என்றார். சனியும் ஞாயிறும் எனக்கு இதே யோசனைதான். இவர் சொன்ன பிறகு அந்த முப்பது பேர் அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் கண்ணுக்குள் நின்றது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு நல்ல மனிதருக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது என்று தோன்றியது.

திங்கட்கிழமை எல்லோரும் கூடினோம். முதலாளி ஜெபத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை என்று தொடங்கி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அன்றைக்குத் தான் ஜெபிக்கவில்லை. அந்த மீன் தேவன் காட்டியது என்று தான் நினைக்கவும் இல்லை. என்னைக் காட்டி, அதை வரைந்த இவரும் தள்ளுவதற்காகத்தான் வரைந்தார் என்றார். எல்லோரும் தன்னை மன்னிக்க வேண்டும். குரல் நடுவில் ஒரு இடத்தில் இறங்கிப்போனது. இயந்திரக்காரர் தரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அக்கா முதலில் என் பக்கம்தான் திரும்பினார்.

“அப்போ அந்த வாலு போட்டது சாரா?”

ஆமாம் என்றேன். அவர் அதை ஒரு பக்கமாக வைத்துக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

“மொதலாளி ஜெபிக்காட்டா போட்டு. மில்லு பூட்டப் போவுதுண்ணு அண்ணைக்கு எல்லாரும் பறஞ்சிட்டு இருந்தாவ. நீங்க மூணு பேரும் உள்ள இருக்கும்போ, கதவுக்கு வெளிய நிண்ணு ஜெபிச்சது நானாக்கும். உங்ககிட்ட ஆரு கேட்டா?”

சொல்லிவிட்டு முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. எல்லோரும் தலை குனிந்தோம். அக்கா வழக்கம்போல மழையில் ஆரம்பித்தார். வெயில், இயந்திரம், டிரைவரின் பிள்ளை என்று வரிசையாக வந்தார். எங்கள் கையில் தந்த அந்த மீனுக்காக என்றபோது, முதலாளி தொண்டையைச் செருமினார். நானும் செருமினேன்.

மிளகாய் லோடு வந்து சேராததால், அதற்கு முந்தின வாரம் முழுக்க மில்லில் மல்லிதான் அரைத்திருந்தார்கள்.